பழைய சாயத் துப்பாக்கி வாங்குவதா? பாகம் பாகமாகச் சேர்ப்பதா?

துப்பாக்கியால் சுடுகிறார்கள். ஆனால் யாரும் சாவதில்லை! சுடப்பட்டவரின் சட்டையில் சாயம் வழிகிறது. அவர் கையைத் தூக்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டு வெளியே போய்விடுகிறார்.

இந்த விளையாட்டின் பெயர் 'பெயின்ட்பால்'. சாயக்குண்டு விளையாட்டு என்று நாம் சொல்லலாம். இது அமெரிக்காவில் பிறந்தது. காட்டிலும் திடலிலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடுகிறார்கள். எதிர்க் கட்சியின் கொடியைப் பிடித்தால் வெற்றி.

இந்த ஆட்டத்தில் சேர நினைக்கும் வாலிபனுக்கு முதலிலேயே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. இன்னொருவர் ஆடிவிட்டு விற்கும் பழைய துப்பாக்கியை வாங்குவதா? அல்லது பாகங்களைத் தனித்தனியே வாங்கி, மனம் போல ஒன்றைச் சேர்த்துக்கொள்வதா?

கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் பணமும் கண்ணும் இதில் அடங்கியிருக்கின்றன. சில சமயம் உயிரும் அடங்கியிருக்கிறது.

மரத்துக்குக் குறியிட்ட கருவி

இதை விளையாடுகிறவர்கள் துப்பாக்கி என்று சொல்வதில்லை. 'மார்க்கர்' என்கிறார்கள். அடையாளம் இடும் கருவி என்று பொருள். அதற்குக் காரணம் உண்டு.

காட்டில் எந்த மரத்தை வெட்டுவது என்று அடையாளம் வைக்க வேண்டும். மந்தையில் எந்த மாட்டைப் பிரிப்பது என்று குறி வைக்க வேண்டும். ஒவ்வொன்றின் அருகிலும் போய்ச் சாயம் பூசுவது சிரமம். எட்ட நின்றே சாயக்குண்டால் அடித்துவிட்டால் வேலை சுலபம். இதற்காக 'நெல்சன்' என்ற சாயக் கம்பெனி ஒரு கருவியை விற்றது. அதைச் செய்து கொடுத்தது 'டெய்சி' என்ற கம்பெனி. கருவியின் பெயர் 'நெல்ஸ்பாட் 007'.

1981-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஹென்னிக்கர் என்ற ஊரில் 12 பேர் இந்தக் கருவியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். சார்லஸ் கெய்ன்ஸ் என்ற எழுத்தாளர், ஹேய்ஸ் நோயல் என்ற பங்கு வியாபாரி, பாப் கர்ன்சி என்ற கடைக்காரர் ஆகிய மூன்று நண்பர்கள் செய்த ஏற்பாடு அது. ஆளுக்கு 175 டாலர் போட்டார்கள். அதுதான் முதல் ஆட்டம்.

ஜெயித்தவர் யார் தெரியுமா? மரங்களோடு பழகிய வனத் தொழிலாளி ஒருவர். அவர் எல்லாக் கொடிகளையும் எடுத்துவிட்டார். ஆனால் ஒரு குண்டுகூடச் சுடவில்லை!

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த மார்க்கரால்தான் ஜெயிக்க முடியும் என்று யாராவது சொன்னால், இந்த முதல் ஆட்டமே அதற்குப் பதில்.

குண்டின் வேகம்

குண்டு என்றால் ஈயம் அல்ல. மாத்திரைக் கூடு செய்யும் ஜெலட்டினால் ஆன மெல்லிய உருண்டை. உள்ளே சாயம் இருக்கும். குறுக்களவு சுமார் 17 மில்லிமீட்டர். எடை சுமார் 3 கிராம்.

இதை உந்தித் தள்ளுவது வாயு. சோடாவில் பொங்கும் கரியமில வாயுவும் உண்டு. அழுத்தி அடைத்த காற்றும் உண்டு. ஒரு சிறிய புட்டியில் அடைத்து மார்க்கரில் திருகி மாட்டுகிறார்கள்.

குண்டு ஒரு விநாடியில் 300 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான விதி. பல திடல்களில் 280 அடிதான் வரம்பு. 300 அடி என்றால் மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர் வேகம்! உடம்பில் பட்டால் தடிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்.

பழசு வாங்கினால்

பழசு வாங்குவதில் முதல் லாபம் பணம். கடையை விட்டு வெளியே வந்த உடனே மார்க்கரின் விலை இறங்கிவிடுகிறது. அந்த நஷ்டத்தை முதலில் வாங்கியவர் ஏற்றுக்கொள்கிறார்.

இரண்டாவது லாபம் நேரம். இன்று வாங்கியவன் இந்த ஞாயிற்றுக்கிழமையே திடலில் ஆடலாம்.

1998-ல் வந்த 'டிப்மன் 98' என்ற மார்க்கர் இதற்கு நல்ல உதாரணம். கரடுமுரடாகக் கையாண்டாலும் உழைக்கும் என்று அது பெயர் வாங்கியது. நிறையப் பேர் வாங்கினார்கள். நிறையப் பேர் வாங்கிய சாமானுக்கு உதிரிப் பாகம் சுலபமாகக் கிடைக்கும். ரிப்பேர் தெரிந்தவர்களும் இருப்பார்கள். பழசு வாங்குகிறவன் அழகைப் பார்ப்பதைவிட இதைத்தான் பார்க்க வேண்டும்.

பல்லைப் பிடித்துப் பாருங்கள்

மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்காமல் மாடு வாங்குவோமா? பழைய மார்க்கருக்கும் அப்படித்தான். பார்க்க வேண்டியவை இவை:

குழாய்: புட்டியையும் குண்டையும் எடுத்துவிட்டு, குழாயைத் தனியே கழற்றி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். கீறல் இருந்தால் குண்டு உள்ளேயே உடையும். வளைவு இருந்தால் குறி தப்பும்.

மரை: உடல் அலுமினியம். திருகாணியோ இரும்பு. அளவுக்கு மேல் முறுக்கியிருந்தால் அலுமினியத்தின் மரை தேய்ந்திருக்கும். இதைச் சரிசெய்யச் செலவு அதிகம்.

கசிவு: வாயுவை ஏற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். 'உஸ்' என்ற சத்தம் வருகிறதா? புட்டி மாட்டும் இடத்தில் வந்தால் பெரும்பாலும் ஒரு ரப்பர் வளையம் போயிருக்கும். சில காசுச் செலவு. குழாய் வழியே வந்தால் உள்ளே இருக்கும் வால்வின் அடைப்பான் தேய்ந்திருக்கலாம். அது கொஞ்சம் பெரிய வேலை.

வேகம்: வேகம் அளக்கும் கருவி திடல்களில் இருக்கும். பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள். வேகம் ஏறி இறங்கினால் உள்ளே ஏதோ கோளாறு.

மின்சார மார்க்கரானால் பாட்டரி இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். பச்சை பூத்திருந்தால் வாங்க வேண்டாம். "நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, இப்போது வாயு இல்லை, அதனால் காட்ட முடியவில்லை" என்று விற்பவர் சொன்னால், "வாயு நிரப்பிய பிறகு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

சேர்த்துச் செய்தால்

இனி இன்னொரு கட்சியைப் பார்ப்போம். பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கிறவர்கள் அவர்கள். அவர்களுடைய கண்மணி 'ஆட்டோகாக்கர்'. கலிபோர்னியாவைச் சேர்ந்த பட் ஓர் என்பவரின் கம்பெனி இதை உருவாக்கியது. 1990-களில் இது பெரும் புகழ் பெற்றது.

இதன் விசேஷம் என்ன? உள்ளே நடக்கும் வேலை பல பாகங்களாகப் பிரிந்திருக்கிறது. விசையை இழுத்தால் முதலில் உள்ளே ஒரு சுத்தி விழுந்து வால்வைத் தட்டும். வாயு பாய்ந்து குண்டு போகும். விசையை இன்னும் இழுத்தால் காற்றின் பாதை மாறும். அந்தக் காற்று ஒரு தண்டைத் தள்ளும். தண்டு பின்கட்டையைத் தள்ளிச் சுத்தியை மறுபடி ஏற்றும். அடுத்த குண்டு உள்ளே விழும். விசையை விட்டால் கட்டை மூடிக்கொள்ளும்.

இந்தப் பாகங்கள் ஒவ்வொன்றையும் வெவ்வேறு கம்பெனிகள் விதவிதமாகச் செய்து விற்றன. குழாய் ஒருவரிடம், விசை இன்னொருவரிடம், ரெகுலேட்டர் மற்றொருவரிடம் என்று வாங்கலாம். ஒருவர் வைத்திருப்பது போல் இன்னொருவரிடம் இருக்காது.

ஆனால் சேர்த்தவுடன் சுட்டுவிடாது! ஒவ்வொரு பாகமும் சரியான நொடியில் அசைய வேண்டும். சுத்தி விழுவதற்கு முன்பே கட்டை திறந்துகொண்டால் வாயு பின்பக்கம் போய்விடும். விசையை முழுவதும் இழுக்காமல் விட்டால் குண்டு நசுங்கி உள்ளெல்லாம் சாயம்! இதைச் சரிப்படுத்தப் பொறுமை வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு மார்க்கரின் குழாய் மரை இன்னொன்றில் ஏறாது. ஆட்டோகாக்கர் மரை வேறு, டிப்மன் மரை வேறு, ஸ்பைடர் மரை வேறு. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, பொருந்தாமல் மூலையில் போட்டவர்கள் பலர்.

எது லாபம்?

பணத்தை மட்டும் பார்த்தால் பழசுதான் லாபம். பாகங்களைத் தனித்தனியே வாங்கினால் கூட்டுத்தொகை முழு மார்க்கரின் விலையைத் தாண்டிவிடும். பின்னால் விற்கப் போனால் போட்ட பணம் வராது. உங்களுக்குப் பிடித்த நிறமும் விசையும் வாங்க வருகிறவருக்குப் பிடிக்க வேண்டுமே!

அப்படியானால் சேர்த்துச் செய்கிறவர்கள் ஏமாளிகளா? இல்லை. அவர்கள் கையில் ஒரு வித்தை மிஞ்சுகிறது. எந்தப் பாகம் எதற்கு என்று தெரிந்தவன், திடலில் ஒரு வளையம் போனால் ஐந்து நிமிஷத்தில் மாற்றிக்கொள்வான்.

எனவே ஆட ஆசைப்படுகிறவன் பழசு வாங்கட்டும். செய்ய ஆசைப்படுகிறவன் செய்யட்டும். இரண்டும் வேண்டும் என்கிறவனுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. நல்ல பழசாக ஒன்றை வாங்கி, ஒரு வருஷம் ஆடி, பிறகு ஒவ்வொரு பாகமாக மாற்றலாம். எது தேவை, எது வீண் என்று அதற்குள் தெரிந்துவிடும்.

புட்டியில் இருக்கும் அபாயம்

மார்க்கர் பழசாக இருக்கலாம். புட்டி விஷயத்தில் அந்தத் தாராளம் கூடாது.

கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 30 பவுண்டு. காற்றுப் புட்டியில் இருப்பது 3,000 பவுண்டு! சிலவற்றில் 4,500. இத்தகைய புட்டிகளை அமெரிக்காவில் பொதுவாக 5 ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். சோதித்த தேதி புட்டியிலேயே பதிந்திருக்கும். தேதி தாண்டியதை யாரும் நிரப்பக் கூடாது.

கரியமில வாயுப் புட்டியில் வேறொரு அபாயம். அதில் இரண்டு மரைகள் உண்டு. வால்வு புட்டியில் திருகியிருக்கும். அதே வால்வு மார்க்கரிலும் திருகியிருக்கும். யாராவது ரிப்பேர் செய்யும்போது முதல் மரை தளர்ந்திருந்தால், புட்டியைக் கழற்றும்போது மார்க்கரை விட்டு வால்வு கழலாது. வால்வை விட்டுப் புட்டி கழலும்! உடனே புட்டி ராக்கெட் போலப் பறக்கும்.

இது கட்டுக்கதை அல்ல. 2004-ல் அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷன் இதுபற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. அதற்குள் இரண்டு உயிர்கள் போயிருந்தன. ஒருவர் 15 வயதுப் பையன். மற்றவர், ஆட வந்த ஒரு பையனின் தாய்.

இதைத் தடுக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பெண்கள் பூசும் நகச்சாயம் போதும்! புட்டியின் கழுத்திலிருந்து வால்வு வரை ஒரே கோடாக அதைப் பூசிவிட வேண்டும். கழற்றும்போது கோடு நேராகவே இருந்தால் பயமில்லை. கோடு பிளந்தால் உடனே நிறுத்த வேண்டும். பயிற்சி பெற்றவரிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

கண்ணுக்குப் பழசு வேண்டாம்

முகமூடியையும் பழசாக வாங்கக் கூடாது. அதன் கண்ணாடி எத்தனை அடி வாங்கியது, எந்த மருந்தால் துடைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். உள்ளுக்குள் விரிசல் இருக்கும். ஒரு அடியில் பிளந்துவிடும்.

ஆட்டம் முடியும் வரை முகமூடியைக் கழற்றக் கூடாது. திடலை விட்டு வந்ததும் மார்க்கரின் குழாய்க்கு உறை போட வேண்டும்.

ஆகவே கையில் இருக்கும் பணத்தை இப்படிப் பங்கு போடுங்கள். முதல் பங்கு புதிய முகமூடிக்கு. இரண்டாவது பங்கு தேதி தாண்டாத புட்டிக்கு. மிச்சம் எவ்வளவோ அதில் மார்க்கர். அந்த மிச்சம் பழசுக்குத்தான் போதும் என்றால் வெட்கப்பட வேண்டாம். கொடியைப் பிடிப்பது கால்களும் கண்களும்தான்!