ஏலக்காய் விலையும் கருப்பசாமி பயமும்

2019 ஆகஸ்டில் கேரளத்தின் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. முந்தைய ஆண்டின் பெருவெள்ளமும் அதன்பின் வந்த வறட்சியும் விளைச்சலைக் கெடுத்திருந்தன. விலையோடு களவும் ஏறியது. இருட்டில் தோட்டத்துக்குள் புகுந்து, காயைப் பறிக்கக்கூடப் பொறுமையின்றிச் சரத்தோடு அறுத்துக்கொண்டு போனார்கள். போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் இருக்கும் தோட்டக்காரர்கள் ராக்காவல் போட வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டும் இந்த ஏலத்தோட்ட மலையிலும் அடிவாரத்திலும் சாமி கும்பிடுவதை யாரும் விட்டுவிடவில்லை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுத்தார்கள், கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டார்கள். பக்தி இருந்த இடத்தில்தான் இருந்தது. மாறியது விலை.

அப்படியானால் பக்திக்கும் களவுக்கும் சம்பந்தமே இல்லையா? மதுரை, தேனிப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். பஞ்சாயத்தில் வாய் கூசாமல் பொய் சொல்கிறவனும், கருப்பன் வாசலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னால் தயங்குவான் என்பது அவர்கள் அனுபவம். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பன் சன்னதியில் தீர்ந்த வழக்குகள் ஏராளம். அங்கே சாமிக்கு உருவம்கூடக் கிடையாது. சந்தனம் பூசிய, மூடிய கதவுதான். சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி வெட்டுடையார் காளியிடம், பொருளைப் பறிகொடுத்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும் காசு வெட்டிப் போட்டு முறையிடுகிறார்கள். ‘காசு வெட்டிப் போட்டுவிடுவேன்’ என்ற மிரட்டலுக்கே திருட்டுச் சாமான் திரும்பி வந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் போலீஸ் புகாரைவிட இதற்கு அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் சட்டமும் இந்த அச்சத்தைப் பயன்படுத்திப் பார்த்தது. ‘எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்தால் கட்டுப்படுகிறேன்’ என்று ஒரு தரப்பு முன்வந்து, எதிராளியும் செய்துவிட்டால், அந்தச் சாட்சியமே முடிவானது என்றது 1873ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டம். 1969இல் வந்த புதிய சட்டம் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. துணிந்து பொய்ச் சத்தியம் செய்கிறவனுக்கு அது எவ்வளவு வசதி என்று யோசித்தால் காரணம் புரியும்.

ஆய்வாளர்களும் இதே விஷயத்தைச் சோதித்திருக்கிறார்கள், அதுவும் தமிழர்களை வைத்து. மொரீஷியஸில் தைப்பூசக் காவடியைக் கவனித்த மானுடவியலாளர் டிமிட்ரிஸ் சிகலாடாஸ் குழு, பக்தர்களுக்கு ஆளுக்கு 200 மொரீஷியஸ் ரூபாய் கொடுத்து, யாருக்கும் தெரியாமல் விரும்பியதைக் கோவிலுக்குப் போடலாம் என்றது. கூட்டு வழிபாட்டுக்கு வந்தவர்கள் சராசரியாக 80 ரூபாய் அளவில் போட்டார்கள். அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் சுமார் 130 ரூபாய். அவர்களோடு நடந்துவந்த உறவினரும் நண்பர்களும்தான் அதிகம், ஏறக்குறைய 160! இந்த ஆய்வு வெளிவந்த அதே 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில், பொதுப் பணத்தைப் பங்கிடும் விளையாட்டைக் கோவிலிலும் உணவகத்திலும் நடத்திப் பார்த்தார்கள். கோவிலில் ஆடியவர்கள் அவ்வளவு பேராசைப்படவில்லை. ஆனால் ஒருவர் எவ்வளவு பக்திமான் என்பது கணக்கில் எந்த வித்தியாசத்தையும் காட்டவில்லை. இருந்த இடம்தான் காட்டியது.

மொராக்கோவின் மராகேஷ் கடைவீதியில் நடந்த ஆய்விலும் இப்படித்தான். பாங்கொலி காதில் விழும் நேரத்தில் கடைக்காரர்கள் தர்மத்துக்குத் தாராளமாக விட்டுக்கொடுத்தார்கள். மற்ற நேரத்தில் அந்தத் தாராளம் குறைந்தது.

ஆக, நம்பிக்கை ஆளை நிரந்தரமாக மாற்றிவைக்கிறது என்பதைவிட, சாமி பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும்போது கையைக் கட்டிப்போடுகிறது என்பதே பொருத்தம். நடுராத்திரி ஏலத்தோட்டத்தில் அந்தத் தோற்றம் எழுவது கஷ்டம். கோவிலுக்குப் போவதே குறைந்துபோன டென்மார்க், நார்வே போன்ற நாடுகளில் குற்றம் பெருகிவிடவும் இல்லை. அங்கே சாமியின் வேலையில் பெரும்பகுதியைப் பள்ளிக்கூடமும் போலீசும் வேலைவாய்ப்பும் பார்த்துக்கொள்கின்றன.

சாமிக்கு மிக அருகிலேயே இருந்து பழகியவர்கள் விஷயம் வேறு. தமிழ்நாட்டில் சிலைத் திருட்டுக்கென்றே 1983இல் தனிக் காவல் பிரிவு தொடங்க வேண்டியிருந்தது. பிடிபட்டவர்களில் கோவில் பொறுப்பில் இருந்தவர்களும் உண்டு. சிறு கோவில்களின் ஐம்பொன் திருமேனிகள் பல இன்று கருவறையில் இல்லை. திருவாரூர் போன்ற ஊர்களின் பாதுகாப்பு மையங்களில் பூட்டுக்குள் இருக்கின்றன, திருவிழாவுக்கு மட்டும் ஊர் வந்து போகின்றன.