தரவின் தடம் – 14: காவலூர்ச் சரம்

ஜேசன் கோப்பைப் பிரித்து மரமாக்குவது வரை போன வாரம் வந்திருந்தோம். அந்த மரத்திலிருந்து சரத்தை (ஸ்ட்ரிங்) பறிப்பது இந்த வாரம்.

எடுத்துக்காட்டு வழக்கம்போல ஜவ்வாது மலையிலிருந்துதான். ஆலங்காயம் தாண்டி மலையேறினால் காவலூர். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். 4130 ராமானுஜன் என்று அதற்குப் பெயர். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் சிறுகோள் விவரங்களை ஜேசனாகவே கொடுக்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். நானும் வாங்கினேன்.

கோப்பில் முழுப்பெயர் ‘4130 ராமானுஜன் (1988 டிகியூ1)’ என்று ஆங்கில எழுத்தில் இருக்கிறது. இடைவெளிகளையும் சேர்த்து எண்ணினால் 25 குறிகள். ரஸ்ட் மொழியின் செர்டே ஜேசன் நூலகத்தில் ‘டூ ஸ்ட்ரிங்’ போட்டு எடுத்தேன். நீளம் 27 என்று வந்தது. என் பட்டியலில் இருந்த அதே பெயரோடு ஒப்பிட்டால் பொருந்தவில்லை. ஒரு மாலை முழுக்கப் பட்டியலையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கூடுதலாக வந்த இரண்டும் முன்னும் பின்னும் நின்ற மேற்கோள் குறிகள்.

‘டூ ஸ்ட்ரிங்’ என்பது ‘உள்ளே இருக்கும் சரத்தைக் கொடு’ என்ற கட்டளை அல்ல. ‘மரத்தின் இந்தக் கணுவை மறுபடி ஜேசனாக எழுதிக் காட்டு’ என்பது. ஜேசனில் சரம் என்றால் மேற்கோள் குறி போட்டே ஆக வேண்டும், அதனால் போட்டுக் கொடுக்கிறது. பூச்சரத்தின் இரு முனையிலும் விழும் முடிச்சு மாதிரி அது, பூக்கணக்கில் சேராது. சரி, முதல் குறியையும் கடைசிக் குறியையும் வெட்டிவிடலாமே என்று தோன்றும். வெட்டக் கூடாது. சரத்துக்கு உள்ளேயே ஒரு மேற்கோள் குறி இருந்தால் அதற்கு முன் ஒரு பின்சாய்கோடு ஏறியிருக்கும். வெட்டிய பிறகும் அது அங்கேயே கிடக்கும். கேட்க வேண்டியது ‘ஆஸ் ஸ்டர்’. கணு சரமாக இருந்தால் உள்ளிருப்பதை மட்டும் தரும், இல்லையென்றால் வெறுங்கை காட்டும். சி பிளஸ் பிளஸ்ஸில் நீல்ஸ் லோமன் எழுதிய நூலகத்திலும் இதே கதைதான்: ‘டம்ப்’ என்றால் குறியோடு வரும், ‘கெட்’ என்றால் குறியில்லாமல் வரும்.

அந்த 25 குறிகளை வெறித்துக்கொண்டிருந்தபோதுதான் ‘டிகியூ1’ என்னைப் பிடித்துக்கொண்டது. புதிதாகக் கண்ட சிறுகோளுக்கு வைக்கும் தற்காலிகப் பெயர் அது. ஆண்டை 24 அரைமாதங்களாகப் பிரித்து ஆளுக்கோர் எழுத்து. டி என்றால் பிப்ரவரியின் பின்பாதி. அடுத்த எழுத்து அந்த அரைமாதத்துக்குள் வரிசை எண். ஐ-யை விட்டுவிட்டால் 25 எழுத்துகளில் கியூ 16-வது. கடைசியில் உள்ள 1, அந்த 25 ஒருமுறை தீர்ந்து மறுசுற்று வந்ததைச் சொல்கிறது. ஆக 25-ம் 16-ம் சேர்ந்து 41. 1988 பிப்ரவரியின் பின்பாதியில் உலகம் முழுவதும் பதிவான சிறுகோள்களில் ராஜமோகனுடையது 41-வது! காவலூருக்கு முன் இந்திய மண்ணிலிருந்து ஒரு சிறுகோள் கிடைத்தது 1885-ல், சென்னை வானாய்வகத்தில் போக்சன் கண்ட ‘வேரா’. நூறாண்டுக்கு மேலான மௌனத்தைக் காவலூர் கலைத்த காலம் மூன்று குறிகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அதே கோப்பில் இன்னொன்றும் கவனித்தேன். சுற்றுப்பாதையின் மையப்பிறழ்ச்சி எண்தானே? அதுவும் மேற்கோள் குறிக்குள் சரமாகவே வருகிறது. எண்ணாக எழுதினால் 0.10-ம் 0.1-ம் ஒன்றாகிவிடும், கடைசிச் சுழியம் காணாமல் போகும். அளந்தவருக்கு அந்தச் சுழியமும் அளவுதான். சரமாக வைத்தால் ஓர் இலக்கமும் உதிராது. அதே மையப்பிறழ்ச்சிக்கு அலகு கிடையாது என்பதால் அலகுக்குரிய இடத்தில் ‘நல்’ (மதிப்பு இல்லை) உட்கார்ந்திருக்கிறது. அங்கே போய்ச் சரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் நிரல் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

தமிழ்ச் சரங்களை இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ராமானுஜன் இடத்தை எடுத்துக்கொண்டார். ‘காவலூர்’ என்று தமிழில் எழுதினால் கண்ணுக்கு நான்கு எழுத்து, யூனிகோடுக்கு ஏழு, பைதான் தன் வழக்கப்படி ஜேசனில் எழுதும்போது மேற்கோள் குறிகள் நீங்கலாக 42 குறிகள். அந்தக் கணக்கு அடுத்த வாரம்.