சத்தியம் மட்டும் போதாது

சில ஆண்டுகளுக்கு முன்னர், தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று, எமது பங்கைச் சேர்ந்த கடற்றொழிலாளி ஒருவர் பீடத்தின் முன் முழந்தாளிட்டுக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். யாழ்ப்பாண நகரின் எல்லையோடு ஒட்டிய, கரையோரத்து நெருக்கமான குடியிருப்பு அவருடையது. இருபது ஆண்டுகளாக நாள் தவறாமல் குடித்தவர். சத்தியம் செய்வித்தவன் நான். அவருடைய மனைவியின் கண்களில் நீர் நிறைந்திருந்தது. நல்லதொரு காரியம் நடந்துவிட்டது என்ற நிறைவோடு அன்றிரவு நான் உறங்கினேன்.

மூன்றாம் நாள் நள்ளிரவில் அந்தப் பெண் அறைவீட்டின் கதவைத் தட்டினார். "பாதர், அவர் சுவர் முழுக்கப் பூச்சி ஊருது எண்டு கத்திறார். என்னையே ஆரெண்டு தெரியேல்ல. உடம்பெல்லாம் நடுங்குது. ஒருக்கா வாருங்கோ."

வீட்டைச் சுற்றி அயலவர் கூடியிருந்தனர். பேய் பிடித்துவிட்டது என்றார் ஒருவர். சத்தியத்தை மீறிக் களவாகக் குடித்திருப்பார் என்றார் இன்னொருவர். உண்மையில் அவர் ஒரு துளியேனும் குடிக்கவில்லை. குடிக்காததுதான் அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தது. முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த வைத்தியர் என்னைத் தனியே அழைத்துச் சொன்ன வார்த்தைகள் இன்றும் காதில் ஒலிக்கின்றன: "நீங்கள் நல்ல எண்ணத்தோடதான் செய்தியள், பாதர். ஆனால் இவ்வளவு காலம் குடிச்ச ஆளை ஒரே நாளில நிற்பாட்டச் சொல்லிறது உயிருக்கு ஆபத்து. முதலில இஞ்ச கூட்டிக்கொண்டு வந்திருக்கவேணும்."

அவர் உயிர் பிழைத்தார். ஆனால் அன்றைய என் அறியாமை ஒரு குடும்பத்தைத் தாயும் பிள்ளைகளும் மட்டுமான குடும்பமாக ஆக்கியிருக்கக்கூடும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த இரவுதான்.

உடல் கேட்கும் கணக்கு

மதுசாரம் மூளையின் வேகத்தைத் தணிக்கும் பொருள். சாராயத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மதுசாரம் உண்டு. கள்ளில் அதைவிட மிகக் குறைவு. எதுவாயினும், ஆண்டுக்கணக்காக நாள்தோறும் பெருமளவில் உள்ளே செல்லும்போது மூளை அதை ஈடுசெய்யத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென மதுசாரத்தை நிறுத்தினால், தடை கழன்ற வண்டி போல மூளை கட்டுக்கடங்காமல் ஓடுகிறது.

கடைசியாகக் குடித்துச் சில மணித்தியாலங்களில் கைநடுக்கம், வியர்வை, வாந்தி, உறக்கமின்மை தோன்றும். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் ஒரு சிலருக்குக் காய்ச்சல், மனக்குழப்பம், இல்லாததைக் காணுதல் ஆகியவை ஏற்படும். இந்த நிலையைச் சிகிச்சையின்றி விட்டால் மரணம்கூட நேரலாம். வைத்தியர்கள் டயசபாம் போன்ற மருந்துகளை முதலில் கொடுத்துப் பின்னர் படிப்படியாகக் குறைப்பர். நீண்டகாலம் குடித்தவரின் உடலில் வைட்டமின் பீ1 வற்றியிருக்கும். அதை ஊசிமூலம் ஏற்றாவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

ஆகவே, காலையில் எழுந்ததும் கை நடுங்குபவரும், நடுக்கத்தை நிறுத்தவே குடிப்பவரும், முன்பு வலிப்பு வந்தவரும் வீட்டில் தாமாகக் குடியை நிறுத்தக்கூடாது. சத்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் வைத்தியரிடம் செல்லவேண்டும்.

இளைஞரின் கதை வேறு

தகப்பன்மார் தவறணையிலும் மதுபானக் கடையிலும் நிற்க, பிள்ளைகள் வேறு பாதையில் போகின்றனர். 2009 இல் போர் முடிந்த பின்னர் எமது கரைகளுக்குக் கடல் வழியாகக் கஞ்சா வந்தது. அதைத் தொடர்ந்து தூள் என்று சொல்லப்படும் ஹெரோயினும், அண்மைக் காலத்தில் ஐஸ் என்ற மெத்தம்பெற்றமினும் வந்தன. மாவாப் பாக்கு பாடசாலை வாசல்வரை வந்துவிட்டது. இடப்பெயர்வு, சாவு, காணாமற்போன உறவுகள், முகாம் வாழ்வு என்று போர் விட்டுச்சென்ற காயங்கள் பலவற்றுக்கு மருந்திடப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளவடுக்களைப் பற்றி 1998 இலேயே நூலாக எழுதினார். அந்த வடுக்களைச் சிலர் போத்தலாலும் சிலர் தூளாலும் மூடிக்கொள்கின்றனர்.

ஹெரோயினை நிறுத்தும்போது வரும் வேதனை பெரிது. மூட்டு நோவு, வயிற்றோட்டம், கண்ணீர், தாங்கமுடியாத அங்கலாய்ப்பு என்பன இரண்டு மூன்று நாள்களில் உச்சத்தை அடைந்து, ஒரு வாரமளவில் தணியும். மதுசாரத்தைப் போல் இந்த வேதனை உயிரைப் பறிப்பது அரிது. உண்மையான ஆபத்து அதன் பின்னரே உள்ளது. சிறையிலோ புனர்வாழ்வு நிலையத்திலோ சில மாதங்கள் இருந்து வரும் இளைஞனின் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். வெளியே வந்த அன்று பழைய நண்பர்களோடு பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். மகன் திரும்பி வந்துவிட்டான் என்று வீடு மகிழும் அந்த முதல் வாரங்களே மிகவும் விழிப்பாக இருக்கவேண்டிய காலம். மயங்கிக் கிடந்து மூச்சுத் தளர்ந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, பொலிசுக்குப் பயந்து தாமதிக்காமல் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். நலோக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு.

ஐஸ் பாவிப்பவர் நாள்கணக்காக உறங்காமல் இருப்பார். எல்லாரையும் சந்தேகிப்பார். நிறுத்தியதும் நாள்கணக்காக உறங்குவார். பின்பு கடும் மனச்சோர்வு வரும், தற்கொலை எண்ணமும் வரலாம். அந்நாள்களில் அவரைத் தனியே விடக்கூடாது.

பெற்றோர் சட்டத்துக்கு அஞ்சி விடயத்தை மறைக்கின்றனர். 2 கிராமும் அதற்கு மேற்பட்டதுமான ஹெரோயினை வைத்திருப்போருக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க 1984 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இடமளித்தது. அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானவர் தாமாகவே முன்வந்து சிகிச்சை பெறவும் வழிசெய்கிறது. வியாபாரியையும் நோயாளியையும் ஒரே தராசில் நிறுப்பதை நாமாவது கைவிடவேண்டும்.

வீட்டுக்குள் நோய்

குடிப்பவர் ஒருவர், நோயுறுவதோ முழுக் குடும்பமும். மேலே சொன்ன கடற்றொழிலாளியின் மனைவி, அவருக்குக் காய்ச்சல் என்று சம்மாட்டியாரிடம் பொய் சொல்வார். மதுபானக் கடைக் கடனைத் தம் காப்பை அடகு வைத்து அடைப்பார். ஊர் பார்க்கக்கூடாதென்று வேலியோரம் விழுந்து கிடப்பவரை இழுத்து வந்து குளிப்பாட்டுவார். அன்பினாலேயே இவ்வளவும் செய்தார். ஆனால் குடியின் விளைவு குடித்தவரை எட்டாதபடி அந்த அன்பு தடுத்தது. மூத்த மகளோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தம்பிமாரைப் பார்த்தாள்.

குடும்பத்தவர் செய்யவேண்டியது என்ன? பொய் சொல்லாதிருத்தல், குடிக்கடனை அடைக்காதிருத்தல், வெறியில் இருக்கும்போது வாதாடாமல் மறுநாள் காலை தெளிவில் பேசுதல். அடி உதை இருக்குமானால் பொறுத்துக்கொள்வது புண்ணியமன்று. பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குச் செல்வதே கடமை. "பொறுமையாய் இரு பிள்ளை" என்று நாங்கள் குருக்கள் சொல்லிவந்த ஆலோசனை பல பெண்களின் முதுகில் தழும்பாக இருக்கிறது என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும்.

கதிரைகளை வட்டமாகப் போட்டபோது

1935 இல் அமெரிக்காவின் அக்றன் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும் சத்திரசிகிச்சை வைத்தியர் பொப் சிமித்தும் சந்தித்தனர். இருவரும் குடிக்கு அடிமையானவர்கள். ஒரு குடிகாரர் இன்னொரு குடிகாரரோடு மனந்திறந்து பேசும்போது இருவருமே குடிக்காமல் இருக்க முடிகிறது என்பதைக் கண்டனர். மதுவுக்கு அடிமையானோர் சங்கம் இவ்வாறே பிறந்தது. அதே நகரின் புனித தோமையார் மருத்துவமனையில் 1939 முதல் இக்னேசியா என்ற அருட்சகோதரி குடிநோயாளரை ஏனைய நோயாளரைப் போலவே ஏற்றுப் பராமரித்தார். வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் திருஇருதயச் சின்னம் ஒன்றைக் கொடுத்து, மறுபடி குடிக்க எண்ணினால் முதலில் இதைக் கொண்டுவந்து என்னிடம் திருப்பித் தாரும் என்பாராம். சத்தியத்தைவிட அது ஞானமானது. தனியே விழாதே, விழுமுன் என்னிடம் வா என்ற அழைப்பு அதில் இருக்கிறது.

எமது பங்கிலும் வியாழன் மாலைகளில் மறைக்கல்வி அறையில் கதிரைகளை வட்டமாகப் போட்டோம். முதல் வாரம் வந்தவர்கள் மூவர். இரண்டாம் வாரம் ஒருவர். நான் பிரசங்கம் செய்ததே காரணம் என்பதைப் பிந்தித்தான் உணர்ந்தேன். நான் வாய்மூடி இருக்கக் கற்றபின் ஆள்கள் வந்தனர். இந்துக்களும் வந்தனர். பெண்களுக்கு வேறொரு நாளில் தனியான கூட்டம் நடந்தது. உள்ளே பேசியது வெளியே போகாது என்பதே எமது ஒரே சட்டம்.

பேச்சோடு வேலையும் வேண்டும். பொழுதுபட்டதும் வெறுமையாகும் நேரமும் கையில் இருக்கும் காசும் சேர்ந்தால் கால்கள் பழைய வழியே போகும். சம்மாட்டியார் ஒருவர் இணங்கி, தொழிலாளியின் சம்மதத்துடன் சம்பளத்தின் ஒரு பகுதியைச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் நேரே வைப்பிலிட்டார். மீன்பிடி இல்லாத நாள்களில் வலை பொத்தும் வேலையை ஒன்றாக இருந்து செய்தனர். அபிவிருத்தித் திட்டங்களைத் தீட்டும் நாம் வள்ளமும் வலையும் கொடுத்துவிட்டு, உழைப்பு எந்தக் கதவால் வெளியே போகிறது என்று பாராதிருந்தால் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பவர்கள் ஆவோம்.

விழுந்தால்?

சத்தியம் செய்த அந்தக் கடற்றொழிலாளி அதன்பின் இரண்டு முறை விழுந்தார். முதல் முறை நத்தாருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனர் ஊற்றிக் கொடுத்தபோது. இரண்டாம் முறை தாயாரின் செத்த வீட்டில். முன்பென்றால் வெட்கத்தால் மாதக்கணக்கில் குடித்திருப்பார். இம்முறை மூன்றாம் நாளே குழுவிலிருந்து இருவர் அவர் வீட்டுக்குச் சென்று, ஏசாமல் தேநீர் குடித்து, ஆசுப்பத்திரிக்கு அழைத்துச் சென்றனர். நீரிழிவுக்காரரின் சீனி ஏறினால் பாவி என்று யாரும் சொல்வதில்லை. இதுவும் திரும்பத் திரும்பத் தலைதூக்கும் நோயே.

எமது வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். முதலாவது, உங்கள் பிரதேச ஆசுப்பத்திரியின் உளநலப் பிரிவு எந்த நாளில் இயங்குகிறது என அறிந்து ஆலய அறிவித்தற் பலகையில் எழுதுங்கள். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தையும் அருகில் எழுதுங்கள். இரண்டாவது, 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மதுவோ சிகரெட்டோ விற்பதைத் தடைசெய்யும் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தை உங்கள் சந்திக் கடை பின்பற்றுகிறதா என மாதர் சங்கத்தினரும் இளைஞர் மன்றத்தினரும் கவனியுங்கள். மூன்றாவது, திருமுழுக்கு, கலியாணம், பெருநாள் விருந்துகளில் போத்தல் இல்லாத பந்தி ஒன்றை வைத்துப் பாருங்கள். குடியை விட்டவர் தலைநிமிர்ந்து உட்கார ஓரிடமாவது வேண்டும்.

சென்ற மாதம் அவருடைய மூத்த மகளின் திருமணத்தை ஆசீர்வதித்தேன். விருந்தில் நெல்லிரசமும் சோடாவும் பரிமாறினர். வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்ற தகப்பனின் கை நடுங்கவில்லை. என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு சொன்னார்: "இண்டைக்கும் குடிக்கேல்ல, பாதர். நாளையைப் பற்றி நாளைக்குப் பாப்பம்."