சாய்ந்த மரம் – 7: எத்தனை அடிக்குப் போடட்டும்?

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் கரையேறிய அன்று மத்தியானம், சேலையூரில் எங்கள் வீட்டு வாகை மரம் வேரோடு பெயர்ந்து காம்பவுண்டுச் சுவர்மேல் படுத்தது. தாம்பரம் முழுக்க அதே கதை. வண்டலூர் உயிரியல் பூங்காவில் விழுந்ததோ ஆயிரக்கணக்கில். மூன்றாம் நாள், தெருத்தெருவாக மரம் அறுத்துக்கொண்டு வந்த ஆட்களைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். மேஸ்திரி கேட்டது ஒரே கேள்விதான்.

“சார், எத்தனை அடிக்குப் போடட்டும்?”

“தூக்குற அளவுக்குப் போடுங்கண்ணே. வழி விட்டா போதும்.”

இரண்டடித் துண்டுகளாகப் போட்டார்கள். சாயங்காலம் ஒரு டாட்டா ஏஸ் வந்து, விறகு விலைக்கு ஏற்றிக்கொண்டு போனது. அறுத்த முகத்தில் வைரம் கருந்தேன் நிறத்தில் மின்னியதைப் பார்த்தேன். விலையாகப் பார்க்கத் தெரியவில்லை. வெளிநாட்டு மர வியாபாரத்தில் வாகைக்குக் ‘கிழக்கிந்திய வால்நட்’ என்று பெயர் உண்டு என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். ஏன் படித்தோம் என்றிருந்தது.

போன வாரம் கயிறும் கப்பியும் பார்த்தோம். இந்த வாரம் ரம்பம்.

நிற்கிற மரத்தைவிட விழுந்து கிடக்கிற மரம்தான் ஆபத்து. எங்கள் வாகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை வேர்ப்பக்கம் தரையில், மறுமுனை சுவரில், நடுவில் தாங்கல் இல்லை. அப்படிக் கிடந்தால் மேல்பக்கம் நெருக்குண்டும் அடிப்பக்கம் விரிந்து இழுபட்டும் இருக்கும். நேராக மேலிருந்து அறுத்துக்கொண்டே போனால் வெட்டுவாய் மூடி, ரம்பத்தின் பாரைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்து நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்தில் தொங்கினால் எல்லாம் தலைகீழ்: முதலில் அடியில், பிறகு மேலே. மேஸ்திரி மிஷினைத் தொடுவதற்கு முன்னால் மரத்தை இரண்டு தடவை சுற்றி வந்ததை நான் பீடிக்கான இடைவேளை என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்று. வேர்ப்பந்து மண்ணோடு பெயர்ந்து நிற்கும் பள்ளத்தில் குழந்தைகள் இறங்கி விளையாடும். அடிமரத்தை அறுத்ததும் பாரம் விட்டுப்போய், வேர்ப்பந்து சடக்கென்று எழுந்து பழைய இடத்திலேயே உட்காரலாம். அந்தப் பள்ளத்தில் நாய்கூட இருக்கக் கூடாது.

மிஷின் ரம்பத்துக்கு உயிர் எஞ்சினில் இல்லை, சங்கிலியில் இருக்கிறது. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, கட்டையைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வண்டுப் புழுவைக் கவனித்தார். இடமும் வலமுமாகக் கடித்து, நாருக்கு நேரேயும் குறுக்கேயும் ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்தது அது. அதன் தாடையைப் பார்த்துப் பல் வைத்த சங்கிலியை அடுத்த வருடமே விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று குரோம்பேட்டைத் தெருவில் உறுமுகிற ரம்பத்தில் ஓடுவதும் அந்த வம்சம்தான். நல்ல சங்கிலி செதில் செதிலாகத் தள்ளும். மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது. உருண்டை அரம் எடுக்க வேண்டிய நேரம். ஓடுகிற சங்கிலி ஒரு தடவை மண்ணைத் தொட்டாலே போதும், மாவுதான்.

தென்னை இந்தச் சங்கிலிகளுக்கு எமன். வெளி வட்டம் இரும்பு மாதிரி, உள்ளே வெறும் சோறு. தொல்காப்பிய மரபியல் புறத்தில் வைரம் பாய்ந்ததைப் புல் என்றும், அகத்தில் பாய்ந்ததை மரம் என்றும் பிரிக்கிறது. ரம்பம் பிடித்தவனைக் கேட்டாலும் அப்படித்தான் பிரிப்பான்.

சரி, எத்தனை அடி? நாலடிச் சுற்றளவுள்ள வேப்ப மரத்தில் இரண்டடித் துண்டு, பச்சையில் அறுபது எழுபது கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம். அதே மரத்தில் ஏழடித் துண்டு கால் டன்னுக்குப் பக்கம். அதனால்தான் எல்லோரும் இரண்டடிக்குப் போடுகிறார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இரண்டடி என்றால் விறகு. ஏழரை அடி என்றால் நிலைவாசல். அந்த அரையடி, காயும்போது முனையில் விடுகிற வெடிப்புக்கு.

மரவாடிக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். கட்டையைச் சுற்றிக் கயிறு போட்டு, அதை நாலாக மடிப்பார்கள். நாலடிச் சுற்றென்றால் மடிப்பு பன்னிரண்டு அங்குலம். பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி, நீளத்தின் அடியால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. ஏழடிக் கட்டைக்கு ஏழு கன அடி வரும். உருளைக் கணக்குப் போட்டால் அதுவே 8.9. ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். எட்வர்டு ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-லேயே இந்தக் கணக்குக்குப் புத்தகம் போட்டுவிட்டார். வட்டத்தைச் சதுரமாக்கும்போது கழிகிற பட்டையும் தூளும் அந்த வித்தியாசத்தில் அடக்கம்.

மில்லில் தெரு மரத்தை வாங்கத் தயங்குவார்கள். காரணம் ஆணி. டியூஷன் போர்டு, ‘வீடு வாடகைக்கு’, ஊஞ்சல் கொக்கி, சீரியல் விளக்குக் கம்பி எல்லாவற்றையும் மரம் விழுங்கி, மேலே பட்டையை மூடிக்கொண்டு நிற்கும். பேண்ட் ரம்பத்தில் ஒரு ஆணி பட்டால் அன்றைய பிளேடு போச்சு. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அறுத்த முகத்தில் தடயம் கிடைக்கும்: நீலக் கறுப்பில் ஒரு கோடு. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வருகிற கறுப்பு. கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கலம்காரிக்கு எடுக்கிற அதே கறுப்பு. அந்தக் கோடு தெரிந்தால், அடுத்த ஒரு அடியை விறகுக்கு விட்டுவிடுவது மேல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பக்கத்து வீட்டு வேம்பு சாய்ந்தது. இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். ஏழரை அடி. கேட்டில் திரும்பவில்லை. ஆறு பேர், மூங்கில் கழி, குழாய் உருளை, அரை நாள். மில்லில் ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்து, முனைகளில் மிச்சம் கிடந்த பெயிண்டை அடித்து, மாடிப்படிக்குக் கீழே இரண்டு பலகைக்கு நடுவே சிறு குச்சிகள் வைத்து அடுக்கினேன். காற்று புகாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும்.

காய்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்துச் சொல்லும் காது எனக்கு இல்லை. அதனால் ஒரு பலகையை மட்டும் அவ்வப்போது தராசில் வைத்து, ஓரத்தில் சாக்பீஸால் எழுதி வந்தேன்: 21.3. 19. 17.2. 16. 15.3. பக்கத்து வீட்டு மாமா வரும்போதெல்லாம் குனிந்து அதைப் படித்துவிட்டு, “இன்னும் தண்ணி இருக்கு போல” என்பார். போன இரண்டு தடவையும் 15.1. ஆசாரிக்குப் போன் போட்டாயிற்று.

(தொடரும்)