காயமுற்றோரும் குதிரையும்

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் அம்மையார் 1944-இல் இளம்பிள்ளை வாதத்திற்கு உள்ளாகி, முழங்காலுக்குக் கீழ்ச் செயலிழந்தார். பிறர் துணையின்றிக் குதிரைமீது ஏற இயலாத நிலையிலும், ஜூபிலி என்னும் குதிரையுடன் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

உடல்நலம் தேறுவதற்குக் குதிரையேற்றம் உதவுவது எங்ஙனம்? குதிரை மெல்ல நடக்கையில் அதன் முதுகு, ஏறியிருப்பவரின் இடுப்பை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைக்கின்றது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறத்தாழ இவ்வாறே. அவ்வசைவிற்கு ஈடுகொடுத்து, உடலை நிமிர்த்தி நிறுத்தும் தசைகள் பயிற்சி பெறுகின்றன.

எனினும், எலும்பு முறிந்தோர் மருத்துவர் இசையுமுன் ஏறலாகாது. விழுந்தால் கூடிவரும் எலும்பு மீண்டும் முறியக்கூடும். அதுவரை புல்லூட்டுதலும் தடவிக்கொடுத்தலுமே போதும். குதிரைச் சாணத்தில் தனுர்வாதக் கிருமியின் நுண்வித்துகள் இருக்கக்கூடும். ஆதலின், லாயத்திற்குச் செல்லுமுன் புண்ணை மூடிக் கட்டுவதும், உரிய தடுப்பூசி போட்டுக்கொள்வதும் இன்றியமையாதவை.