கரியைப் பூட்டி வைக்கும் கண்டல் சேறு

தம்பானூரில் பஸ் ஏறி, நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் நம்மவர் பலர் வழியில் கல்லாற்றில் இறங்கி முகம் கழுவுவதுண்டு. அந்த நீர் வாமனபுரம் ஆறாகி, அஞ்சுதெங்கு காயலை அடைந்து, முதலப்பொழியில் கடலில் கலக்கிறது. மலையின் வண்டலும் சருகும் கூடவே போகின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்தக் கரையில் கண்டல் மரங்கள் வேண்டும்.

மலையில் உதிரும் இலை விரைவில் மக்கிவிடும். அதிலுள்ள கரியில் பெரும்பகுதி கரியமில வாயுவாகக் காற்றுக்கே திரும்பும். கண்டல் காட்டில் கதை வேறு. உப்பு நீர் ஊறிய சேற்றில் பிராண வாயு மிகக் குறைவு. இலையும் வேரும் எளிதில் மக்காமல், கரி நூற்றாண்டுக் கணக்கில் புதைந்து கிடக்கிறது. மரத்தில் இருப்பதைவிடச் சேற்றில் இருப்பதே அதிகம். பிச்சாவரம் பக்கத்துக்காரர்களுக்கு அந்தச் சேறும் தெரியும், அதன் நாற்றமும் தெரியும்! சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்ததும் அங்குள்ள ஒரு கண்டல் மரம்தான்.

கேரளத்தில் ஒரு காலத்தில் சுமார் 700 சதுர கிலோ மீட்டர் கண்டல் இருந்ததாகச் சொல்வார்கள். இந்திய வன அளவை நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி மிஞ்சியது சுமார் 9. சேற்றை வெட்டிப் புரட்டினால் காற்றுப்பட்டு, சேர்ந்திருந்த கரி மீண்டும் வாயுவாகிறது. புது நாற்று நடலாம். ஆனால் பழைய சேற்றுக்கு ஈடாகப் பல தலைமுறை ஆகும்.

கண்ணூர் ஜில்லா பழயங்காடியில் கல்லேன் பொக்குடன் 1989-ல் கண்டல் நட்டது கரிக்காக அல்ல. பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் வரப்பைக் காற்றிலிருந்தும் அலையிலிருந்தும் காக்கத்தான். 2015-ல் அவர் காலமானார். கேரளத்தில் இன்று கண்டல் அதிகம் நிற்பது அந்த ஜில்லாவில்தான்.