இருப்பறிந்து வாங்குவோம்: அலுவலக டெலிபோனில் காலி முனைகள்

சங்க அலுவலகத்தில் புதிதாக ஒரு மேசை போடப்படுகிறது. அங்கு அமரும் குமாஸ்தாவுக்கு டெலிபோன் வேண்டும். “இயந்திரத்தில் இடமில்லை, வேறு வாங்கவேண்டும்” என்ற பேச்சு உடனே எழுகிறது. நூல் கொள்முதலாயினும், உரக் கொள்முதலாயினும், கிடங்கின் இருப்பைக் கணக்கெடாமல் மேலும் வாங்க எந்த நிர்வாகக் குழுவும் இசைவதில்லை. டெலிபோன் விஷயத்தில் மட்டும் அந்நல்வழக்கம் மறக்கப்படுவது ஏனோ? செலவாவது அங்கத்தினரின் பணமன்றோ!

வெளியிலிருந்து வரும் சில லைன்களை உள்ளிருக்கும் பல எக்ஸ்டென்ஷன்களுக்குப் பங்கிட்டுத் தருவது இ.பி.ஏ.பி.எக்ஸ். என்னும் பெட்டியாகும். எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றுக்கும் அப்பெட்டியில் ஒரு முனை உண்டு. அம்முனைகளை எண்ணுங்கால் மூன்று கணக்குகளைக் கலந்துவிடலாகாது. 24 தறிகளுக்கு இடமுள்ள கூடத்தில் 16 தறிகள் நிற்கலாம்; அவற்றுள் 11 தறிகளில் மட்டும் பாவு ஏறியிருக்கலாம். நாம் தேடுவது பாவு ஏறாத அந்த 5 தறிகளையே ஆகும்.

சான்றாக, பானாசோனிக் நிறுவனத்தின் கே.எக்ஸ்.-டி.இ.எஸ். 824 என்னும் பெட்டியைக் கொள்வோம். அடிப்படை நிலையில் அதில் 3 வெளி லைன்களும் 8 எக்ஸ்டென்ஷன்களும் உண்டு. அட்டைகளைச் சேர்த்து அவற்றை முறையே 8, 24 என உயர்த்தலாம். ஆகவே “24 எக்ஸ்டென்ஷன் இயந்திரம்” என்று சொல்லிவிடுவதனால் 24 முனைகள் வந்துவிடுவதில்லை. எத்தனை அட்டைகள் உண்மையில் பொருத்தப்பட்டுள்ளன என்று காண்பதே முதற்கடமை.

இரண்டாவதாக, எண்களை வரிசையாக அழைத்துப் பார்க்கவேண்டும். ஒருவர் எடுத்துப் பேசினால் பெயரைக் குறித்துக்கொள்ளலாம். பிழையொலி கேட்டால் அவ்வெண் வழங்கப்படவில்லை எனக் கொள்ளலாம். மணி ஒலித்தும் எவரும் எடுக்காதபோதுதான் பலர் ஏமாந்துபோகின்றனர். நம் செவியில் விழும் அவ்வொலி, எதிர்முனையில் உள்ள கருவியிலிருந்து வருவதன்று. இயந்திரமே நமக்காக எழுப்புவது. சாதாரண டெலிபோனுக்கான முனையில் கருவி இருக்கிறதா, வெறுங்கம்பி தொங்குகிறதா என்பதை இயந்திரம் அறியாது. எனவே மணியொலி, கருவி உண்டென்பதற்குச் சான்றாகாது. எவரும் எடுக்காமை, முனை காலி என்பதற்கும் சான்றாகாது.

மூன்றாவதாக, கம்பிகள் யாவும் வந்து கூடும் பலகைக்குச் செல்லவேண்டும். பழைய அலுவலகங்களில் பெரும்பாலும் அங்கு பத்துப் பத்து ஜோடிகளாக க்ரோன் கட்டைகள் இருக்கும். நுனியில் பற்றுக்கிளிப் பூட்டிய ஒரு சாதாரண டெலிபோனை ஜோடி ஜோடியாகத் தொட்டுப் பார்க்கலாம். யாரேனும் பேசிக்கொண்டிருப்பது கேட்டால் அக்கணமே விலகிவிடுவது மரியாதை. டயல் டோன் கேட்டால் முனை உயிருடன் இருக்கிறது. அங்கிருந்தே, எண் காட்டும் திரையுள்ள அலுவலக டெலிபோன் ஒன்றை அழைத்தால், இம்முனையின் எண் அங்கு தெரியும். அதை உடனே சீட்டில் எழுதி ஒட்டிவிடவேண்டும். டயல் டோன் இல்லையெனில் முனை பழுதென்று முடிவுகட்டலாகாது. நிறுவனத்தின் தனிவகை டெலிபோனுக்கு மட்டுமே உரிய முனைகளில் சாதாரணக் கருவி பேசாது.

ஜோடியிலிருந்து செல்லும் கம்பி எந்த அறையில் முடிகிறது என்பதையும் அறியவேண்டும். இதற்கென ஒலிக்கருவியும் அதைக் கேட்கும் கோலும் விற்கப்படுகின்றன. இயந்திரத்திலிருந்து கம்பியைக் கழற்றிய பின்னரே ஒலியை அதில் செலுத்துவது நலம்.

இனி, அவசரப்படலாகாத இடம் ஒன்று உண்டு. லிப்டினுள் இருக்கும் அபாய டெலிபோன், தீ எச்சரிக்கைக் கருவி, வாயிற்கதவு டெலிபோன், பேக்ஸ் ஆகியவை மாதக்கணக்கில் மௌனமாக இருக்கலாம். அழைப்புப் பதிவேட்டிலும் அவற்றின் சுவடு இராது. காலி என்றெண்ணி அவற்றைப் பிடுங்கிவிட்டால், லிப்டில் சிக்கிய மனிதரின் குரல் எவர்க்கும் எட்டாது போகும். ஆதலால் ஐயத்துக்குரிய ஜோடியில் “இன்ன தேதியில் எடுக்கப்படும்” என்று சீட்டுக் கட்டி, எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை விட்டு, ஒரு மாதம் பொறுத்திருப்பது தக்கது. அபாயக் கருவிகளையோ நேரிற் சென்று சோதித்தறியவேண்டும்.

வேலை செய்வோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். மணியடிக்கும் வேளையில் கம்பியில் வரும் மின்சாரம் கையை உதறச்செய்யும். இடி மின்னல் வேளையிலோ பலகையைத் தொடவே கூடாது. மற்றொன்று, பல பழைய இயந்திரங்கள் தம் அமைப்பு விவரங்களைச் சிறு பாட்டரியின் துணையால் நினைவில் வைத்துள்ளன. அப்பாட்டரி தேய்ந்திருக்கும் நிலையில் மின்சாரத்தை நிறுத்தினால், எண்கள் யாவும் மறைந்துபோகக் கூடும். நடப்பு விவரங்களைப் படியெடுத்த பின்னரே நிறுத்தவேண்டும். அட்டையைக் கழற்றுவதோ செருகுவதோ அவ்வாறு நிறுத்திய பின்னரே ஆகும்.

காலி முனை கிடைத்ததும் சாதாரணக் கருவியொன்றை இணைத்து, உள் அழைப்பு, வெளி அழைப்பு, மணி ஆகிய மூன்றையும் சோதிக்கவேண்டும். மின்னலால் பழுதுற்ற முனையும் காலியாகவே கிடந்திருக்கலாமன்றோ? பயன்படுத்தாத முனைகளிலிருந்து வெளி அழைப்புப் போகாதபடி தடை வைத்தலும் அவசியம். காவலற்ற முனை பிறர் கைக்கு எட்டினால், கட்டணம் சங்கத்தின் தலையில் விழும்.

இறுதியாக, கண்டறிந்த யாவும் ஏட்டில் ஏறவேண்டும். முனை எண், எக்ஸ்டென்ஷன் எண், ஜோடி எண், அறை, கருவி, சோதித்த தேதி என ஆறு பத்திகள் போதும். ஒரு படி பலகையின் கதவுக்கு உட்புறத்திலும், மற்றொன்று அலுவலகக் கோப்பிலும் இருக்கட்டும். முன்பு கம்பி இழுத்தவர் ஊர் மாறிப் போயிருக்கலாம். அவர் நினைவில் இருந்த கணக்கு நமக்கு உதவாது. ஏட்டில் உள்ள கணக்கே சங்கத்தின் சொத்து.

இத்தனை தேடியும் முனை கிடைக்காவிடில், அப்போது அட்டை வாங்கக் கோருவதில் குற்றமில்லை. வெறும் ஊகத்தை விடுத்து, கணக்கை முன்வைத்து நிர்வாகக் குழுவின் அனுமதியைப் பெறலாம். முனை கிடைத்துவிடினோ, செலவு மிஞ்சும்; “நூல் வந்ததா?” என்று வினவும் நெசவாளியும், “இன்று என்ன விலை?” என்று வினவும் விவசாயியும் பதிலின்றிக் காத்திருக்கும் நிலையும் நீங்கும்.